பியானோவுக்குள் ஒரு குமிழ்: திருமலையில் ஐந்து நாள்

முதல் நாள், ரயிலில்

கொழும்புக் கோட்டையிலிருந்து திருகோணமலைக்கு (எங்கள் வாய்க்குத் திருமலை) போகிற இரவு ரயிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எதிர் இருக்கையில் என் மாணவன், வாயைத் திறந்தபடி நல்ல தூக்கம். 18 வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறான். “என்ரை பேரைப் போடாதேங்கோ அக்கா” என்று ஏறும்போதே சொல்லிவிட்டான். ஆகவே இந்தக் குறிப்பு முழுக்க அவன் ‘தம்பி’. வெள்ளவத்தையில் அவனுடைய அப்பாவுக்கு ஒரு சின்னத் தையற்கடை. அதற்கு இரண்டு ஒழுங்கை தள்ளி நான் வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். வயலின் வகுப்பு வீட்டு வாடகைக்கு. மேலைத்தேய முறையில் இசை எழுதுவதும், எழுத ஆசைப்படுகிற இரண்டொரு பிள்ளைகளுக்கு வழி காட்டுவதும் மிச்ச நேரத்துக்கு.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு பென்சில் கோடு. மூன்று மாதத்துக்கு முன் வயலின், செலோ, மிருதங்கம் மூன்றுக்குமாகத் தம்பி ஓர் உருப்படி எழுதிக்கொண்டு வந்தான். மொத்தம் 110 பார் (தாளக் கட்டம்). அதில் 41ஆவது பாரிலிருந்து 56ஆவது பார் வரைக்கும் நான் குறுக்கே கோடு இழுத்தேன். “இது பொருந்தேல்லை, எடுத்துப்போடு” என்றேன். தலையை ஆட்டினான். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. நான்காம் வாரம் அவன் அம்மா போன் எடுத்து, “மிஸ், பிள்ளை பேப்பரை எல்லாம் அலுமாரிக்கு மேலே கட்டி வைச்சிட்டான், என்ன நடந்தது?” என்று கேட்டபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஏனென்றால் இதே கோடு எனக்கும் விழுந்திருக்கிறது. 12 வருடத்துக்கு முன். ஸ்ட்ரிங் குவார்ட்டட் ஒன்றின் (இரண்டு வயலின், வியோலா, செலோ) முதல் பகுதியைப் பெருமையாகக் கொண்டுபோய் என்னுடைய ஆசிரியரிடம், சேரிடம், நீட்டினேன். அவர் இரண்டு பக்கம் புரட்டினார், பென்சிலை எடுத்தார், இழுத்தார். “இது பார்ட்டோக். நல்ல பார்ட்டோக்தான். நீ எங்கை பிள்ளை?” (பார்ட்டோக், ஹங்கேரிய இசையமைப்பாளர்.) எட்டு மாதம் நான் அவருடைய வீட்டுப் பக்கமே போகவில்லை.

சேருக்கு இப்போது 79. திருமலைக்காரர். தேவாலயத்து ஹார்மோனியத்தில் தொடங்கி, கர்நாடக வயலின் கற்று, லண்டன் பரீட்சைப் பாடங்களைத் தபாலில் படித்து, கொழும்பில் பல வருடம் வியோலா வாசித்தவர். ஓய்வுக்குப் பிறகு ஊரோடு போய்விட்டார். போன மாதம் போனில் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “பெடியனைக் கூட்டிக்கொண்டு வா. கொம்பியூட்டர் வேண்டாம். பேப்பரில எழுதிக்கொண்டு வரச்சொல்லு” என்றார்.

தூங்குவதற்கு முன் தம்பி காதில் மாட்டியிருந்தது இளையராஜா. 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் ரோயல் ஃபில்ஹார்மோனிக் வாசித்த அந்த சிம்பொனியைப் பற்றித்தான் ஏறியதிலிருந்து பேச்சு. “அவருக்கு ஆர் அக்கா படிப்பிச்சது?” என்றான். தன்ராஜ் மாஸ்டரைப் பற்றிச் சொன்னேன். மயிலாப்பூரில் இருந்துகொண்டு, சினிமாவில் வாசிக்க வந்த பையன்களுக்கு ஜே. எஸ். பாக்கின் இசையையும் ஹார்மனியையும் ஊட்டிய மனிதர். ரஹ்மானும் அவரிடம் போனவர்தான். “அவற்றை சொந்தப் பாட்டு ஏதும் இருக்கோ?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. கேள்வி மட்டும் மனதில் நிற்கிறது.

கல்லோயாச் சந்தி வருகிறது. இங்கேதான் பாதை மட்டக்களப்புக்கும் திருமலைக்குமாகப் பிரிகிறது. கொஞ்சம் கண்ணயரப் பார்க்கிறேன்.

இரண்டாம் நாள்

சீனன்குடா தாண்டும்போது விடிந்துவிட்டது. வலப்பக்கம் உள்துறைமுகத்துத் தண்ணீர் ஈயம் மாதிரி. ஸ்டேஷனில் இறங்கினால் முதலில் எதிர்ப்பட்டது இரண்டு புள்ளிமான்கள், குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டபடி. இந்த ஊரில் மான் நம்மூர் மாடு மாதிரி.

சேர் வீட்டு வாசலில் அம்மா (சேரின் மனைவியை நான் எப்போதும் அம்மா என்றுதான் கூப்பிடுவேன்) நின்றார். “கறுத்துப்போனாய் பிள்ளை” என்பதுதான் வரவேற்பு. பிட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, பொரித்த சூடைமீன். தம்பி மூன்றாம் தரம் பிட்டு வாங்கினான். அவன் என் மாணவன் என்பதில் எனக்கிருந்த பெருமை கொஞ்சம் குறைந்தது, அம்மாவுக்குக் கூடியது.

பியானோவைப் பற்றிச் சொல்லவேண்டும். முன் அறையில் நிற்கிறது, பழைய அப்ரைட். கடலிலிருந்து நானூறு மீற்றர்கூட இருக்காது. உப்புக் காற்று கம்பியைத் தின்னும், ஈரம் மரத்தை ஊதவைக்கும், கட்டையை அமுக்கினால் மேலே எழும்பாது. இதற்கு சேர் வைத்திருக்கிற வைத்தியம், பியானோவின் கீழ்ப் பலகையைக் கழற்றி உள்ளே ஒரு 60 வாட்ஸ் மின்குமிழை இரவும் பகலும் எரியவிடுவது. அந்தச் சூட்டில் உள்ளே காய்ந்திருக்கும். இருட்டினால் பலகை இடுக்கு வழியே மஞ்சள் கோடாக வெளிச்சம் தெரியும், சாமியறை மாதிரி. ஆனால் இப்போது கடைகளில் எல்லாம் எல்ஈடி. வெளிச்சம் தரும், சூடு தராது. இழைக்குமிழ் எங்கே கண்டாலும் சேர் வாங்கி அலுமாரியில் ஒளித்து வைக்கிறார். “இன்னும் மூண்டுதான் கிடக்கு” என்றார், ஏதோ இன்சுலின் தீர்ந்துவிட்டதைப்போல.

பத்து மணிக்குப் பாடம் தொடங்கியது. தம்பி கையால் எழுதிய ஸ்கோரை நீட்டினான். நான் வெட்டிய 16 பாரையும் சேர்த்தே எழுதியிருந்தான், அதைச் சுற்றி மெல்லிசாய் ஒரு கட்டம் போட்டு. சேர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்குக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். அரை மணி நேரம். பேசவில்லை. வெளியே கச்சான் அடிக்கிறது; இந்த மாதங்களில் மேற்கே தரையிலிருந்து வருகிற சூடான காற்று. (நம்மவர்கள் வறுத்துத் தின்கிற கச்சானுக்கும் இதே பெயர் ஏன் வந்ததென்று தம்பி கேட்டான். பாடம் முடியட்டும் என்று அதட்டினேன்.)

பிறகு சேர் ஒரே ஓர் இடத்தில் வட்டம் போட்டார். 43ஆம், 44ஆம் பார், செலோ. நான் வெட்டியதற்குள்ளே.

“இது எங்கையிருந்து வந்தது?”

தம்பி நெளிந்தான். “சும்மா வந்தது சேர்.”

“சும்மா ஒண்டும் வராது. வாயால சொல்லு.”

அவன் மேசையில் விரலால் தட்டிக் காட்டினான். ஏழு, ஏழு, ஐந்து, ஒரு சின்ன நிறுத்தம், இழுத்து இரண்டு, பிறகு ஒன்பது ஒரே ஓட்டம். மறுபடியும் ஏழு. மூன்றாம் முறை தட்டும்போதுதான் அம்மா குசினியிலிருந்து எட்டிப்பார்த்து, “தையல் மெஷின்” என்றார்.

அதேதான். அப்பாவின் மெஷின். நேர்த் தையல் ஓடும், மூலை வரும், காலை எடுப்பார், கையால் சில்லைப் பிடித்துத் துணியைத் திருப்புவார், இரண்டு தையல் மெதுவாய் விழும், பிறகு ஓட்டம். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவன் பள்ளிக்கூடப் பாடம் எல்லாம் செய்திருக்கிறான். ஒரு நாள்கூட இதை என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

சேர் என் பக்கம் திரும்பினார். “நீ ஏன் இதை வெட்டினாய்?”

காரணம் சொன்னேன். மிருதங்கம் ஆதிதாளத்தில் போகிறது. தட்டுக்கு நான்கு மாத்திரையாக ஓர் ஆவர்த்தனம் 32. செலோவின் உருவம் 33. ஒவ்வொரு சுற்றும் ஒரு மாத்திரை வழுக்கிக்கொண்டே போகிறது, சமத்துக்கு (சுற்றின் முதல் தட்டுக்கு) வரவே இல்லை. கணக்குப் பிழை என்று நினைத்தேன்.

“பிழை இல்லை அக்கா” என்றான் தம்பி, தரையைப் பார்த்தபடி. “32 தரம் சுத்தினா வந்திடும். அதுக்கு 66 பார் வேணும். எனக்குப் பதினாறோடை அலுத்துப்போச்சு.”

மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். 33 ஐ 32ஆல் பெருக்கினால் 1056. பாருக்கு 16. சரியாக 66. கர்நாடக சங்கீதத்தில் கணக்குப் பார்த்துத் தீர்மானம் வைக்கத் தெரிந்த எனக்கு, ஒரு பிள்ளையின் தாளில் கணக்கு நிற்கிறது தெரியாமல் போயிருக்கிறது.

“அலுத்தது உனக்கோ, மெஷினுக்கோ?” என்றார் சேர். தம்பி சிரித்தான். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு.

மத்தியானம் முழுக்க பிரெஞ்சு இசையமைப்பாளர் மெஸ்ஸியான். சேருக்கு அவர் என்றால் உயிர். 1941 ஜனவரி 15, கோர்லிட்ஸ் கைதி முகாம், குளிர். அங்கே முதன்முதலாக வாசிக்கப்பட்ட அவருடைய நால்வர் இசையின் முதல் பகுதியில் பியானோவுக்கு 17 கால அளவுகள் திரும்பத் திரும்ப வரும், அதன்மேல் 29 ஸ்வரக்கட்டுகள் சுழலும். இரண்டும் பகா எண்கள், ஆகவே லேசில் ஒன்றாய் வந்து சேரா. அந்த 17 எங்கிருந்து வந்தது என்பதுதான் சேருக்குப் பிடித்த இடம். 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிவைத்த 120 தேசி தாளங்களில் மூன்றை ஒட்டியது. ராகவர்த்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம். “எங்கடை தாளத்தை அந்தாள் ஒரு பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில கண்டெடுத்தவர். நாங்கள் எங்கை கண்டனாங்கள்? அவரிட்டை” என்றார். கொஞ்சம் கோபமாகவே.

அதே மூச்சில் செனாக்கிஸ் கதையும் வந்தது. கிரேக்கர், பொறியியல் படித்தவர், பாரிஸில் கட்டடக்கலைஞர் லெ கொர்புசியேயிடம் வேலை. கிட்டத்தட்ட 30 வயதில் இசை படிக்க ஆசைப்பட்டு ஒவ்வொரு கதவாய்த் தட்டினார். இசையமைப்பாளர் ஓனெகர் அவருடைய தாளில் பாடப்புத்தக விதி தடுக்கிற இணை ஐந்தாம் சுருதிகளைக் கண்டு சீறினார். கடைசியில் 1951இல் மெஸ்ஸியானிடம் வந்து, ஹார்மனியும் கவுண்டர்பாயிண்டும் அடியிலிருந்து படிக்கவேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றார் மெஸ்ஸியான். உனக்கு வயது முப்பதாகிறது, கிரேக்கன், கட்டடக்கலை தெரியும், கணிதம் தெரியும், அதையெல்லாம் இசைக்குள் கொண்டுவா என்று சொல்லிவிட்டார். மூன்று நான்கு வருடத்தில் 61 வாத்தியங்களுக்கு, ஒவ்வொரு வயலினும் தனித்தனிக் கோடாக வழுக்கிப் போகிற ஓர் இசை வந்தது. கோடுகளைச் சதுரக்கட்டத் தாளில் வரைந்தே எழுதினார்.

தம்பி இதையெல்லாம் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு மனம் வேறெங்கோ. ஓனெகராக இருப்பது எவ்வளவு சுலபம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். விதி தெரிந்த எவரும் இருக்கலாம்.

மூன்றாம் நாள்

காலை 5 மணிக்கே சேர் எழுப்பிவிட்டார். கோணேசர் கோயில். அவர் வேதக்காரர் (கிறிஸ்தவர்), ஆனாலும் வருடத்தில் பாதி நாள் இந்த மலையில்தான். பிரெட்றிக் கோட்டை வாசலால் நுழைந்து, மரங்களுக்கு நடுவே ஏறி, உச்சிக்குப் போனால் மூன்று பக்கமும் கடல். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்த கதை எல்லாருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

ஓதுவார் ஒருவர் சம்பந்தரின் பதிகத்தைப் பாடிக்கொண்டிருந்தார். “குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை.” பண் புறநீர்மை. இன்று பூபாளமாய்ப் பாடுகிறார்கள். ஐந்தே சுரம்: ச ரி க ப த. ரியும் தவும் சின்னது, கவும் சின்னது. விடியற்காலையில் இதை வெறும் குரலில் கேட்டால் நெஞ்சுக்குள் ஏதோ ஈரமாகிறது. சம்பந்தர் இங்கே வரவில்லை, இராமேஸ்வரத்தில் நின்று பாடினார் என்பது மரபு. சேருக்கு அதில் ஒரு தொழில்முறைச் சந்தோஷம். “காணாத கடலுக்கு எழுதியிருக்கிறார் பார். குரைகடல் எண்ட சொல்லிலேயே அலை கிடக்கு.”

மதில் ஓரத்தில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினோம். கீழே இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவு. பார்த்தால் தலை சுற்றும். பேச்சு எங்கெங்கோ போய் ஒரு கேள்வியில் நின்றது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போனால் இசை என்னாகும்? தேவார ஏடுகளைத் தில்லையில் கண்டெடுத்த பிறகு பண் தெரிந்தவர் எவரும் இல்லாமல், எருக்கத்தம்புலியூரில் பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப்பிடித்துப் பண் அடைவு செய்தார்கள் என்று திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. ஏடு கிடைத்துவிட்டது, ஆனால் ஏட்டுக்குள் பாட்டு இல்லை. ஒரு தொண்டைக்குள்தான் இருந்தது.

அந்தத் தொண்டையும் இல்லாமல் போனால்? அதற்கும் இந்த ஊரிலேயே ஆள் இருந்தார். 1920களில் இங்கே இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்த விபுலானந்த அடிகள். சிலப்பதிகாரத்து யாழைக் கையில் பிடித்தவரும் இல்லை, வாசித்துக் காட்ட ஆசிரியரும் இல்லை. சொல்லையும் எண்ணையும் வைத்துக்கொண்டு நரம்பின் நீளத்தைக் கணக்கிட்டுக் கணக்கிட்டு மீட்டார். யாழ் நூலுக்கு அவர் செலவழித்தது சுமார் 14 வருடம். 1947 யூனில் அரங்கேறியது. யூலையில் அவர் இல்லை. “வாத்தியார் இல்லாட்டி அவ்வளவு செலவாகும்” என்றார் சேர் சாதாரணமாக, மரக்கறி விலை சொல்வதுபோல.

இறங்கும்போது ஒரு விபத்து. கோட்டைக்குள் நின்ற மான் ஒன்று, தம்பியின் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தாளை இழுத்து மெல்லத் தொடங்கிவிட்டது. இரண்டாம் பக்கம், பாதிக்குமேல் போய்விட்டது. சேர் மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “என்னை விடவும் கறாரான வாத்தி.” தம்பி திரும்ப எழுத உட்கார்ந்தபோது நான்கு பார் குறைந்திருந்தது. எவை என்று அவனுக்கே ஞாபகமில்லை. நன்றாகத்தான் இருக்கிறது.

இரவு, தம்பி படுத்த பிறகு, கேட்கவேண்டியதைக் கேட்டேன். “அண்டைக்கு என்ரை குவார்ட்டட்டில கோடு போட்டது சரியோ சேர்?”

கொஞ்சம் யோசித்தார். “தெரியாது” என்றார்.

எனக்கு இன்னும் நல்ல பதிலாக வேண்டியிருந்தது. சின் உன்சுக் கதையைச் சொன்னேன். கொரியாக்காரி, 24 வயதில், 1985இல் ஹம்பர்க்கில் இசையமைப்பாளர் லிகெட்டியிடம் படிக்கப் போனார். பரிசு வாங்கிய உருப்படிகளோடு போனார். லிகெட்டி பார்த்துவிட்டு, இதையெல்லாம் வீசிவிடு, இதில் உன் குரல் இல்லை என்றார். மூன்று வருடம் அவர் ஒன்றுமே எழுதவில்லை. பிறகு பேர்லினுக்குப் போய், மின்னிசைக்கூடத்தில் மெதுவாகத் திரும்ப எழுதி, 2004இல் கிறாவ்மையர் விருது, 2024இல் சீமென்ஸ் பரிசு. இதைச் சொல்கிறவர்கள் எல்லாரும் லிகெட்டியின் கண்டிப்பைப் புகழ்ந்துதான் சொல்வார்கள். நானே வகுப்பில் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அந்த மூன்று வருடத்தை ஒரு வசனத்தில் கடந்துவிடுகிறோம். திரும்பி வராமலே போனவர்களின் கதையை எவரும் சொல்வதில்லை; அவர்களுக்குத்தான் விருது கிடைக்கவில்லையே.

சேர் பதில் சொல்லவில்லை. எழுந்துபோய்ப் பியானோவின் பலகையில் கை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்தார். “படு பிள்ளை. விடிய வலை.”

நான்காம் நாள்

நிலாவெளிப் பக்கம், கரைவலை. சேருக்குத் தெரிந்த சம்மாட்டி (வலைச் சொந்தக்காரர்) ஒருவர். நாங்கள் போனபோது தோணி வலையை வளைத்துப் போட்டுவிட்டுக் கரைக்கு வந்திருந்தது. இழுப்பது ஆளில்லை, ட்ராக்டர். பின்னால் உருளை பூட்டியிருக்கிறார்கள், கயிறு அதில் சுற்றிக்கொண்டு வருகிறது. இரண்டு பேர் பக்கத்தில் நின்று கயிற்றை ஒழுங்கு பண்ணுகிறார்கள், ஒருவர் கையில் போன். டீசல் சத்தம் மட்டும்தான். முன்பு ஒரு கயிற்றுக்கு இருபது முப்பது பேர் நின்று அம்பா (வலை இழுக்கிற பாட்டு) பாடி இழுத்த இடம்.

பழைய ஆள் ஒருவர், எழுபதுக்கு மேல் இருக்கும், மணலில் குந்தியிருந்தார். ஒரு காலத்தில் அம்பாவுக்கு முன்குரல் கொடுத்தவராம். தம்பி போனை ரெக்கோடிங்கில் போட்டுவிட்டு, “ஐயா, ஒருக்காப் பாடிக்காட்டுவீங்களோ?” என்றான்.

“பாடலாம். வராது.”

“ஏன் ஐயா?”

“கயிறு கையில இல்லாமல் எப்பிடி வரும்?”

தம்பி விடவில்லை. நாலு வரியாவது என்று கெஞ்சினான். அவர் எழுந்து போய், மணலில் கிடந்த ஒரு பழைய கயிற்றின் நுனியைத் தோணியின் மூக்கில் முடிந்தார். மறுநுனியைத் தம்பியிடம் கொடுத்தார். “பிடி. நீயும் வா பிள்ளை” என்று என்னையும். சேர் மட்டும் தென்னை நிழலில். கயிற்றை இறுக்கி, காலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்தார். சாய்ந்தபோதுதான் குரல் வந்தது. கரகரத்த, சுருதி எதிலும் நிற்காத குரல். ஒரு வரி அவர், ‘ஏலேலோ’ நாங்கள். தோணி அசையவே இல்லை, அது இழுக்கிற கயிறும் இல்லை. ஆனால் அந்த ‘லோ’வில் பாரம் விழுகிற இடம் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் வேறு. நான் எண்ணப் பார்த்தேன். எண்ணினால் பிந்துகிறது. எண்ணாமல் அவருடைய முதுகைப் பார்த்து இழுத்தால் சரியாய் விழுகிறது. முன்னால் நிற்கிறவர் மூச்சு எடுக்கும்போது தோள் கொஞ்சம் ஏறும். அதுதான் தாளம்.

போன் தம்பியின் சட்டைப் பையில் இருந்தது. இரவு போட்டுக் கேட்டோம். துணி உரசுகிற சத்தமும் அவன் இதயம் அடிக்கிற மாதிரி ஒரு தொம் தொம்மும்தான் பதிவாகியிருக்கின்றன. உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். அம்மா நல்லெண்ணெய் பூசிவிட்டார்.

கன்னியாவுக்கும் போனோம். ஏழு கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு, சனம் நெருக்கியடித்தது. சொல்ல வேறொன்றுமில்லை. வழியில் சாப்பிட்ட மீன் ரோல்ஸ் நன்றாக இருந்தது.

ஐந்தாம் நாள்

கடைசிப் பாடம். தம்பி விடிய விடிய உட்கார்ந்து 66 பாரையும் எழுதியிருந்தான். செலோ மெஷின் 32 தரம் சுற்றி, ஒவ்வொரு நான்கு சுற்றுக்கும் ஒரு தட்டுத் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் மிருதங்கத்தோடு சமத்தில் வந்து இறங்குகிறது. வயலினுக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் 20 பார் வெறுமையாக விட்டிருந்தான். நான் உடனே யோசனை சொல்ல வாயெடுத்தேன். சேர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். உண்மையிலேயே மிதித்தார்.

“வயலின் என்ன செய்யும்?” என்று தம்பியிடம் கேட்டார்.

“தெரியாது சேர். ஒண்டும் செய்யாமல் இருந்தா?”

“20 பாரும் சும்மா நிக்கிறதுக்கு ஆளுக்குத் தைரியம் வேணும். எழுதிப் பார். வாசிக்கிற ஆளிட்டைக் கேள்.” வாசிக்கப்போகிற ஆள் நான்தான். அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

பிறகு நான் எதிர்பாராதது நடந்தது. அலுமாரியிலிருந்து ஒரு பழுப்புக் கோப்பை எடுத்துவந்தார். என் குவார்ட்டட். 12 வருடத்துக்கு முந்தியது, அவருடைய பென்சில் கோட்டோடு. நான் எட்டு மாதம் கோபித்துக்கொண்டு போனபோது விட்டுவிட்டு வந்த பிரதி. அதைத் தம்பி முன் வைத்து, பென்சிலை அவன் கையில் கொடுத்தார். “இப்ப நீ பார்.”

“அக்காவின்ரையோ? நான் எப்பிடி...”

“கோடு போடாதை. வட்டம் மட்டும்.”

நான் முற்றத்துக்குப் போய்விட்டேன். முருங்கை மரத்தடியில் நின்று அம்மாவோடு எதையோ பேசினேன், என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை. இரண்டு வருடமாக நான் ஒரு பார்கூட எழுதவில்லை என்பதை இங்கே இதுவரை சொல்லவில்லை. வகுப்பு, வாடகை, நேரமில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

திரும்பி வந்தபோது ஒரேயொரு வட்டம். சேர் வெட்டிய பகுதியிலும் இல்லை, எனக்கு அந்த நாளில் பெருமையாயிருந்த ஃபியூகிலும் (ஒரே மெட்டோடு வாத்தியங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் நுழைகிற பகுதி) இல்லை. ஏழாம் பக்கத்தின் கடைசியில், வியோலா ஐந்து பாருக்கு ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இடம்.

“அது மற்றாக்கள் பக்கம் திருப்ப நேரம் வேணுமெண்டு போட்டது” என்றேன். “அதில ஒண்டுமில்லை.”

“எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு அக்கா. மற்றதெல்லாம் கெட்டித்தனம். இது காத்துக்கொண்டு நிக்குது.”

சேர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அவர் வியோலாக்காரர், அவருக்குப் பிடிக்காமலிருக்குமா? அரை மணி நேரம் வாதாடினேன். ஃபியூகின் ஒவ்வொரு நுழைவையும் பியானோவில் வாசித்துக் காட்டினேன். மேல் ஸ்தாயியில் மூன்று கட்டை எழும்பவில்லை. நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைக்கு அனுபவம் போதாது.

ஆனால் கோப்பைக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது ரயிலில் மடியில் இருக்கிறது.

பின்குறிப்பு, கொழும்பு

வந்து மூன்று நாள். புறக்கோட்டையில் மின்சாமான் கடைகளை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். இழைக்குமிழ் என்றதும் பாதிப் பேர் சிரித்தார்கள். ஐந்தாவது கடையில் ஒரு முதியவர் பின்னால் போய், தூசி தட்டிக்கொண்டு வந்தார். 60 வாட்ஸ், நாலே நாலு. “கோழிக்குஞ்சுக்கோ?” என்று கேட்டார். பியானோவுக்கு என்றேன். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு விலையில் பத்து ரூபா குறைத்தார்.

நாலையும் பத்திரிகைத் தாளில் சுற்றி, தம்பி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அவனுடைய அப்பா மெஷினை நிறுத்திவிட்டு, பொதியைச் சுற்றித் துணித்துண்டு வைத்துத் தைத்தே கொடுத்தார். அடுத்த மாதம் தம்பி திருமலைக்குப் போகிறான். ரிக்கெற் ஒன்றுதான் போட்டிருக்கிறான்.